செஃபோ ஏன் குனிந்தான்

ஆறடிக்கு மேல் உயரம், பீரோ அகலம். அப்படிப்பட்ட செஃபோ, துபாய்த் துறைமுக சைட்டில் என் ஸ்டோர் மேசையைக் கடக்கும்போதெல்லாம் இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, 'துலோ' என்று முனகியபடி கோணலாக நடப்பான். தாண்டியதும் நிமிர்ந்துவிடுவான். சமோவாத் தீவுக்காரன், நியூசிலாந்து வழியாகக் கிரேன் வேலைக்கு வந்தவன். சமோவா எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். துபாய் எங்கே இருக்கிறது என்பதே விமானம் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

எப்போதோ என் நடையைப் பார்த்துவிட்டு, அதை நடித்துக் காட்டுகிறான் என்றே நினைத்தேன். இளம்பிள்ளை வாதம் என் இடது காலைக் கொஞ்சம் குட்டையாக்கி வைத்திருந்தது. திருச்சியில் பள்ளிக்கூடம் விட்டால் நாலைந்து பேர் என் நடையையே நடந்தபடி பின்னால் வருவார்கள், நல்ல நடிகர்கள். பெண் பார்க்கப் போன வீட்டில், “உக்காந்தது உக்காந்தபடி இருடா” என்று சொல்லியிருந்தார் அம்மா. பஜ்ஜி தின்ற கையைக் கழுவ எழுந்தேன். சம்பந்தம் போயிற்று.

பம்பாய் இன்டர்வியூவை மட்டும் எழாமலே ஜெயித்தேன். சைட்டிலும் அதே வித்தை. எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்வேன். சாமான் எடுக்க ஆட்களை ஏவுவேன். எல்லோரும் போனபின் எழுவேன். வெள்ளைக்கார இன்ஜினியர் கண்ணில் என் நடை பட்டால் கலாஸ், ஊருக்கு டிக்கெட்.

மளிகைக்கடை ஜப்பார் பாயிடம் புலம்பினேன். கீழக்கரைக்காரர்; அடுத்தவர் சண்டை என்றால் டீ இலவசம்.

“நாலு பேரு பாக்கக் கேட்டுப்புடுங்க தம்பி, அப்பத்தான் அடங்குவான்!”

மறுநாள் மத்தியானம் செஃபோ குனிந்தான். ரோஷத்தில் எழுந்து, யார்டு முழுக்க அவனைத் துரத்திக்கொண்டு போனேன். கையைப் பிடித்து நிறுத்தியபோதுதான் உறைத்தது: எதை மறைத்தேனோ அதை மொத்த சைட்டுக்கும் ஊர்வலம் விட்டிருக்கிறேன். எதிரே இன்ஜினியர்.

“வாட் இஸ் திஸ் பெண்டிங்?” என்று கத்தினேன்.

செஃபோ விழித்தான். “யூ சிட். ஐ பாஸ். மை ஹெட் ஹை, வெரி பேட். துலோ, எக்ஸ்க்யூஸ் மீ.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டான்: “யூ நெவர் கெட் அப். ஐ திங்க், பிக் சீஃப்.”

இன்ஜினியர், “வால்வு வந்துவிட்டதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் காண்ட்ராக்டையும் புதுப்பித்தார். என் காலைப் பார்த்தாரா இல்லையா என்பது இன்றுவரை புரியவில்லை.

செஃபோ பார்த்தான், ஆனால் காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்னைப் போன்றவனை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்று நானே கேட்டேன். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்களாம். வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்வார்களாம். சில பேர், அப்பன் செய்த பாவம் என்பார்களாம். அதைக் கேட்க எனக்குச் சமோவா வரை போக வேண்டியதில்லை. பிறகு அவன் கேட்டான்: “யுவர் ஃபேமிலி, ஹூ ஹியர்?”

“நோபடி.”

காலைப் பார்த்து வராத இரக்கம் அப்போது அவன் முகத்தில் வந்தது. கேம்ப்பில் முந்நூறு பேரும் அப்படித்தானே என்றேன். எல்லோருக்காகவும் சேர்த்து முகம் வாடினான். எனக்குக் குழப்பம்: நாங்கள் முந்நூறு பேருமா நொண்டி?

அன்றிலிருந்து தனியே விடக்கூடாதென்று, சாயங்காலம் ஜப்பார் பாய் கடைவரை கூடவே வருகிறான். மேடான தார்ரோட்டின் ஓரத்தில் நடப்போம். போகும்போது மணல் இடப்பக்கம். குட்டைக் கால் பள்ளத்தில் இறங்கி, இரட்டிப்பாக நொண்டியபடி தமிழ் பேசப் போய்ச் சேர்கிறேன். கேம்ப்புக்குத் திரும்பும்போது நெட்டைக் கால் மணலில், குட்டைக் கால் தாரில். ராஜா மாதிரி நேராக வருகிறேன். போகும்போது ரோட்டைக் கடந்து எதிர் ஓரத்தில் நடக்கலாமே என்பீர்கள். அங்கே கடல்.