லிஃப்ட் பழுது என்று சொன்னேன்

விண்ணப்பத்தோடு வந்த அந்தப் படிவத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நான் பொய் சொன்னேன். உங்கள் பெற்றோரில் யாராவது பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறார்களா? இல்லை என்பதை அமுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அடுத்த கேள்வி என்ன என்பதுகூட இன்று நினைவில் இல்லை.

என் அப்பா ஊரில் கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. லண்டனில் ஒரு பெரிய வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில் டிகிரி அப்ரென்டிஸ் ஆகச் சேர விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் நான்கு நாள் வங்கியில் வேலை, ஒரு நாள் பல்கலைக்கழகத்தில் படிப்பு. நான்கு வருடம் தாக்குப்பிடித்தால் பட்டமும் கிடைக்கும், வேலையும் கிடைக்கும். அம்மாவுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. அப்ரென்டிஸ் என்றால் அவருக்குக் கராஜில் காருக்கு அடியில் படுத்திருக்கும் ஆள்தான். அப்பாதான் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, "உதுவும் டிகிரிதானப்பா. பிள்ளை போகட்டும்" என்று அம்மாவைச் சமாளித்தார்.

ஏன் பொய் சொன்னேன்? வசதி குறைந்த குடும்பம் என்றால் கொஞ்சம் கவனிப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அது பாதிக் காரணம். மற்றப் பாதியைச் சொல்லத்தான் நாக்கூசுகிறது. அப்பா மோர்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் கடையில் நிற்கிறார், நான் பிறக்கும் முன்பிருந்தே. படிக்காத மனிதர் கடையில் நின்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். படித்தவர் ஏன் இருபது வருடமாக அங்கேயே நிற்கிறார் என்று கேட்டால், நான் எங்கிருந்து தொடங்குவது? விளக்கம் சொல்லச் சோம்பல், வெறும் பஞ்சி என்று அன்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். பஞ்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவரை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், என் டிகிரியின் கணக்குப் பாடம் முழுவதும் அவர் தயவில்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலியர்ஸ் வுட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே இருப்போம். நான் மேட்ரிக்ஸ் என்பேன், அதையே அவர் ஊரில் படித்த தமிழில் தாயம் என்பார். விடை சரியாக வந்தாலும் விடமாட்டார். "சரி, வந்திட்டுது. ஏன் வந்தது எண்டு சொல்லு பாப்பம்" என்பார். எனக்கு எரிச்சல் வரும். அவருடைய முகத்தைப் பார்த்தால் வேறு எங்கும் காணாத ஒரு சந்தோஷம் இருக்கும்.

இரண்டாம் வருடம் வங்கியில் என்னைப் படம் எடுக்கக் கேட்டார்கள். புதிதாகச் சேர வரும் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்குமாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நானோ புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அடுத்த மாதம், எங்கள் பிரிவு இருந்த ஆறாம் மாடியில், லிஃப்ட் வாசலுக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு நான் சிரித்துக்கொண்டு நின்றேன். 'என் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதல் ஆள் நான்' என்று பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

பிறகு, பெற்றோரை அழைத்து வந்து வேலைத்தளத்தைக் காட்டும் ஒரு பின்னேரத்தை வைத்தார்கள். அழைப்பு வீட்டுக்கே தபாலில் வந்துவிட்டது.

"வர ஏலாட்டிப் பரவாயில்லை அப்பா. சும்மா ஒரு தேத்தண்ணிதான் குடுப்பினம்."

"ஏன் ஏலாது? ஷிப்ட் மாத்திப்போட்டன்" என்றார் அவர். கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டை அதற்குள் எடுத்து வெளியே கொழுவியிருந்தார்.

அன்று வங்கி வாசலில் பாதுகாப்புக் கதவைத் தாண்டியதும் என் மூளை வேலை செய்தது. படிக்கட்டால் ஏறினால் ஆறாம் மாடியின் மறு பக்கத்தில் போய்ச் சேரலாம். அப்பா அந்தப் படத்தைக் காணமாட்டார்.

"லிஃப்ட் பழுது அப்பா" என்றேன்.

நாள் முழுவதும் நின்று நின்று அவருடைய வலது முழங்கால் போய்விட்டது. அது எனக்குத் தெரியும். மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு பெரிய பாங்க், ஒரு லிஃப்ட்டைத் திருத்த ஆளில்லையோ?" என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

ஆறாம் மாடியில் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, மற்றப் பக்கத்திலிருந்து இன்னொரு குடும்பம் வந்தது. பாட்டி ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அப்பா அந்த நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

அப்போதுதான் என் மனேஜர் வந்தார். தங்கமான வெள்ளைக்காரப் பெண். என்னிடம் ஒரு கேக் துண்டைத் தந்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் மகளின் கதையைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். குடும்பத்திலேயே முதல் ஆள்! உங்களுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!" என்றார்.

இல்லை, அப்பா பட்டதாரி என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் கையில் இருந்த கேக் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவுக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. படிக்கட்டு ஏன் என்பதும் அப்போதே விளங்கியிருக்கும். நிதானமான ஆங்கிலத்தில், "உண்மைதான். எனக்குப் படிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. இவள்தான் முதல்" என்றார். மனேஜரின் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது அவரே நேராக லிஃப்ட் பக்கம் நடந்தார். பொத்தானை அமுக்கிவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டு, என் படத்தின் பக்கத்தில் இருந்ததை முழுவதும் வாசித்தார்.

"படம் வடிவா வந்திருக்கு" என்றார்.

ரெயிலில் நான் வாயைத் திறந்தேன். "அப்பா, அந்தப் படிவத்தில..."

"இறங்கிற இடம் வரப்போகுது. பையை எடு."

இன்னும் நான்கு ஸ்டேஷன் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கணக்குக் கொப்பியை மேசையில் வைத்தேன். அப்பா எதிரே தேநீரோடு இருந்தார். "இதில எங்கயோ பிழைக்குது. ஒருக்காப் பாருங்கோவன்" என்று தள்ளினேன். பார்த்தார். அவருடைய கண் வரி வரியாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது. பிழையைக் கண்டுவிட்டார். பிறகு கொப்பியை மெல்ல என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எனக்கு உது விளங்காது பிள்ளை. எனக்குத்தான் படிக்க வாய்ப்புக் கிடைக்கேல்லையே."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பேன். அவர் தேநீரைக் குடித்து முடிக்கும் வரை எதிரே இருந்து அந்த ஒரு வரியைத் தேடினேன். எனக்கு அகப்படவில்லை.

திங்கட்கிழமை மனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாரமே படத்தைக் கழற்றினார்கள். வீட்டில் வந்து சொன்னபோது அப்பா, "ஓம், நல்லது" என்றார். இப்போது கடைசி வருடம். அவர் என்னோடு நன்றாகத்தான் கதைக்கிறார், பகிடியும் விடுகிறார். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை மட்டும் நான் மறுபடி கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?