கமர்ஜஹானின் மூக்கு

பிரியாணி ஆக்குகிறவளுக்கு மூக்கு செத்துப்போனால் அதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? கமர்ஜஹான் யாரிடமும் சொல்லவில்லை. திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் தெருவிலிருந்து ஊரெல்லாம் போன பிரியாணியை ஏறக்குறைய ஒரு வருஷம் வாசமே தெரியாத ஒருத்திதான் ஆக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிர்வீடு. எவள் வீட்டில் என்ன குழம்பு என்று வாசலில் நின்றே சொல்கிறவள். எனக்கே தெரியாமல் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு அவளே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கொரோனா இரண்டாவது அலைக் காய்ச்சலில் விழுந்து எழுந்தவள் அவள். காய்ச்சல் போனது, இருமல் போனது, கூடவே வாசமும் போனது. வாசம் மட்டும் திரும்பவில்லை. பெருங்காயக் கட்டியை மூக்கில் வைத்து அழுத்திப் பார்த்தாள். சுவர்க் காரையும் அதுவும் ஒன்றாக இருந்தன. வீட்டிலேயே ஆர்டர் எடுத்து ஆக்கிக் கொடுப்பது அவள் தொழில். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. ‘கமரக்கா கைப்பக்குவம்’ என்று நாலு பேர் சொல்லி வந்த தொழில், ‘அவளுக்கு மூக்கே இல்லையாம்’ என்று நாலு பேர் சொன்னால் போயே போய்விடும். அதனால் வாயைத் தைத்துக்கொண்டாள்.

இதில் ரொம்ப ஏமாந்தவர் அவள் புருஷன் பக்ருதீன். அவருக்குத் தோல் ஷாப்பில் வேலை. தோலைப் பதம்பண்ணும் இடத்து நாற்றம் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கே தெரியும். மூக்கு இருந்த காலத்தில் கமர்ஜஹான் அவரை வாசலோடு நிறுத்திவிடுவாள். சட்டையைக் கழற்றி வெளியே போட்டு, பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அவள் ஏசுகிற ஏச்சு எங்கள் வீட்டு டிவி சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். காய்ச்சலுக்குப் பிறகு ஏச்சு நின்றது. அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்த மனுஷனுக்கு டீ கிடைத்தது. சாவைப் பார்த்துவிட்டு வந்ததில் பெண்டாட்டி மனசு இளகிவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சந்தோஷம் தாங்காமல் தினமும் மல்லிகைப்பூ வாங்கி வர ஆரம்பித்தார். அவள் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி அழுவாளாம். நான் வேறு போய், “ஒனக்கென்னடி, இந்த வயசுல பூவும் பொட்டலமுமா வருது” என்று கிண்டல் பண்ணிவிட்டு வந்தேன்.

வேலையைச் சமாளிக்க மகள் அனிஷா இருந்தாள். “இங்க வாடி, இஞ்சி பூண்டு பச்சை வாடை போயிருச்சான்னு சொல்லு பாப்போம்” என்பாள் கமர்ஜஹான். அம்மா தனக்குத் தொழில் பழக்குகிறாள் என்று நினைத்து அந்தப் பெண்ணும் முகத்தைச் சுளித்துக்கொண்டே மோந்து சொல்லும். மகள் மூக்கில் அம்மா பிழைப்பு ஓடியது.

ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒருநாள் தனியாக மூக்கு டாக்டரிடம் போனாள். “இதுக்கு மாத்திரை கிடையாதும்மா, பயிற்சிதான்” என்றார் அவர். கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம். ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மோந்து, முன்பு அது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். காலையும் மாலையும், ஒரு நாளும் விடாமல். இன்னொன்றும் சொன்னார்: “வாசம் திரும்பும்போது ஒழுங்கா வராது. நல்ல காபியே சாக்கடையா நாறும். பயந்துராதீங்க, மூக்கு வழி தேடுதுன்னு அர்த்தம்.”

விடிகாலை ஃபஜ்ரு தொழுதுவிட்டு நாலு டப்பாவோடு மொட்டை மாடிக்குப் போவாள். முதலில் ஆத்திரம்தான் வந்ததாம். வெறும் டப்பாவை மோந்துகொண்டு பைத்தியக்காரி மாதிரி உட்கார்ந்திருக்கிறோமே என்று இரண்டு தரம் வீசி எறிந்து, இரண்டு தரமும் தானே பொறுக்கி வந்தாள். வாசம் வரவில்லை, ஆனால் நினைக்கச் சொன்னாரே, நினைத்தாள். கிராம்பை எடுத்தால், சின்ன வயசில் பல்வலிக்குக் கன்னத்தில் அதை அடக்கிக்கொண்டு மதரஸாவில் ஓத முடியாமல் எச்சில் வடித்தது ஞாபகம் வரும். எலுமிச்சையை எடுத்தால், அனிஷா வயிற்றில் இருந்தபோது அம்மா பிழிந்து கொடுத்த சாறு. தனியாக உட்கார்ந்து சிரிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து சும்மா உட்கார்ந்து அறியாதவள் அவள். உட்கார்ந்தால் கையில் வெங்காயமாவது இருக்கும். இப்போது மலைக்கோட்டைப் பாறை இருட்டிலிருந்து மெல்ல வெளுப்பதைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். கீழே டீ கேட்டுக் கத்தினாலும் காதில் வாங்குவதில்லை. மூக்குக்கு என்று ஆரம்பித்தது, பிறகு அது இல்லாவிட்டால் அன்றைய பொழுதே சரியில்லை என்று ஆகிவிட்டது. ஒருநாள் எலுமிச்சை வாசம் மின்னல் மாதிரி வந்து போனது. மறுநாள் ஒன்றுமில்லை.

இந்த நிலையில்தான் மே மாதம் ஜோஸ்பின் டீச்சரின் ஆர்டர் வந்தது. அவர் மகன் பிராங்கிளினுக்குப் புதுநன்மை. கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். போன வருஷம் அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் கிடா வெட்டிச் சாப்பாடு போடுகிறேன் என்று அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தார் டீச்சர். கிடா நத்தத்தில் அவர் தம்பி சார்லஸின் தோப்பில் வளர்ந்தது. ஆக்கப்போகிறவள் முஸ்லிம், அவளுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று டீச்சர் நத்தத்திலேயே ஒரு பாயைப் பிடித்து முறைப்படி அறுக்க வைத்தார். ஞாயிறு விடியலில் அந்தப் பாய்க்குக் கடை வியாபாரம் இருந்ததால் சனிக்கிழமை சாயங்காலமே அறுத்தாயிற்று. அந்த மரியாதைதான் வினையாகப் போனது. சூடு ஆறாத கறியைப் பாலிதீன் கவர்களில் இறுக்கிக் கட்டிக் காரில் ஏற்றிவிட்டார்கள். திண்டுக்கல் வந்தால் டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜ் நிறைய கேக். கறி இரவெல்லாம் வெளியே வியர்த்துக்கொண்டு கிடந்தது.

ஞாயிறு காலை கறி வந்து இறங்கியபோது அனிஷா ஊரில் இல்லை, காலேஜ் கேம்ப்புக்குப் போயிருந்தாள். கமர்ஜஹான் முதல் கவரை அவிழ்த்தாள். குப்பென்று ஏதோ மூக்கில் ஏறியது.

கை அப்படியே நின்றுவிட்டது. வாசம்! ஒரு வருஷத்துக்குப் பிறகு வாசம். ஆனால் நாற்றம். கறி கெட்டுவிட்டதா? அல்லது டாக்டர் சொன்ன மாதிரி மூக்கு கிறுக்குப் பிடித்துத் திரும்புகிறதா? மூக்குதான் பொய் சொல்கிறதென்றால், நல்ல நேர்ச்சைக் கறியை வீணாக்கிய பாவம். கறிதான் கெட்டதென்றால், விருந்துக்கு வருகிற பிள்ளைகள் அத்தனையும் ஆஸ்பத்திரியில். தெருவில் யாரையாவது கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். நான் அன்று வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். இருந்திருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாள், என் வாய் அப்படி.

“என்னங்க, இங்க வாங்க. இதச் செத்த மோந்து பாருங்க.”

பக்ருதீன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “என்னையப் போயி கேக்குற. தோல் ஷாப்புல நின்னு நின்னு என் மூக்கு செத்து எம்புட்டோ வருசமாச்சு. நீ மோந்தா போதாதா?”

“எனக்கு வாசம் தெரியாது.”

“என்னது?”

“காய்ச்சல்ல போனதுங்க. இன்னைக்குத்தான் என்னமோ வருது. நாறுறது கறியா, என் மூக்கான்னு தெரியல.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அப்ப என்னைய ஏசாம இருந்தது...” என்று ஆரம்பித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “மல்லியப்பூ?” என்றார். “அதுவும் தெரியலங்க.” அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லையாம். ஆனால் ஆறுதல் சொல்ல அவளுக்கு நேரமில்லை. அடுப்பு மூட்டியாக வேண்டும், டீச்சர் பூசைக்குப் போகிற வழியில் வந்துவிடுவார்.

சட்டென்று மாடிக்கு ஓடினாள். மூக்கு பொய் சொன்னால் எல்லாவற்றிலும்தானே சொல்லும்? எலுமிச்சை டப்பாவைத் திறந்தாள். கண்ணை மூடினாள்.

எலுமிச்சை எலுமிச்சையாகவே வந்தது. மெலிசாக, தூரத்தில் யாரோ நறுக்குகிற மாதிரி, ஆனால் எலுமிச்சைதான். கிராம்பை எடுத்தாள், கிராம்பு. ஏலக்காய், ஏலக்காய். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பக்ருதீன் பதறிக்கொண்டு மேலே வந்தார். அல்லா குடுத்துட்டான், குடுத்துட்டான் என்று சிரித்துக்கொண்டே அழுகிறவளைப் பார்த்துவிட்டு, “அப்ப கறி?” என்று கேட்டார்.

அவள் சிரிப்பு நின்றது. “கறி கெட்டுப்போச்சு.”

“அத மட்டும் சொல்லு கமரு. மூக்கு விசயத்த வெளிய விட்றாத. பொழப்பு போயிரும்.”

ஜோஸ்பின் டீச்சர் பட்டுச்சேலையில் வந்தார், கூடவே சார்லஸ். காரில் வெள்ளை உடுப்போடு பிராங்கிளின். கறி கெட்டுவிட்டது என்று கமர்ஜஹான் சொன்னதுமே சார்லஸுக்குக் கோபம் ஏறிவிட்டது.

“என்னக்கா பேசுறீங்க? காயடிக்காத கிடா. வாடை அடிக்கத்தான் செய்யும். இது கிடா வாடை.”

டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். “எனக்கு ஒண்ணும் பிரிச்சுத் தெரியல. அக்கா, நீங்களே சொல்லுங்க. உங்க மூக்கு சொன்னா நான் கேட்டுக்கிறேன்.”

கதவோரம் நின்ற பக்ருதீன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஒரு வருஷமாக இல்லாத ஒன்றை நம்பி ஒருத்தி தன் நேர்ச்சையையே கொடுக்கிறாள். இதற்குமேல் மறைத்தால் அது களவு என்று கமர்ஜஹானுக்குப் பட்டது.

“டீச்சர், ஒரு வருசமா எனக்கு வாசம் தெரியாது. இன்னைக்குக் காலையிலதான் திரும்புச்சு. இத்தன நாளும் மகள மோக்கச் சொல்லித்தான் ஆக்குனேன். ஆனா இப்பச் சொல்றது சத்தியம், கறி கெட்டுருச்சு.”

சார்லஸ் கத்தினார். “மூக்கு இல்லாதவுக சொல்றதக் கேட்டு அந்தோனியார் கிடாவ மண்ணுல பொதைக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்கே நாயம்!”

கமர்ஜஹான் இரண்டு துண்டை எடுத்துக் கழுவி, உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் வைத்து மூடி அடுப்பைப் பற்றவைத்தாள். “கிடா வாடைன்னா கொதி வந்ததும் கொறையும். கெட்ட கறின்னா கொதிக்கக் கொதிக்கக் கூடும். நீங்களே தொறந்து பாருங்க தம்பி.”

நாலு பேரும் அந்தச் சின்னச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோயில் மணி அடித்தது. டீச்சர் வாசலைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். கமர்ஜஹான் தீயைக் கூட்டினாள். நேற்றுவரை செத்துக் கிடந்த மூக்கு. அது தப்பு என்று ஆனால், ஆர்டர் மட்டுமா போகும்? காலையில் வந்த அந்த எலுமிச்சையும் பொய் என்றாகிவிடும். அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

மூடி தடதடத்தது. சார்லஸ் திறந்து முகத்தைக் கொண்டுபோனார். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாந்தி எடுத்துவிட்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், “பக்கத்துல எந்தப் பாய் கடையில கறி புதுசா கெடைக்கும்?” என்று கேட்டார். பக்ருதீன் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

டீச்சர் கண்கலங்கி நின்றார். “நேர்ந்த கிடா அக்கா. அந்தோனியார் கோவிச்சுக்க மாட்டாரா?”

“புள்ளைக வயித்தக் கெடுத்தாத்தான் கோவிப்பாரு டீச்சர். நீங்க பூசைக்குப் போங்க.” பிறகு தயங்கி, “வேற ஆளு வச்சு ஆக்குறதுன்னாலும் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்” என்றாள்.

டீச்சர் படியிறங்கப் போனவர் நின்றார். “கிறிஸ்மஸுக்கு நீங்க குடுத்த பிரியாணியில கிராம்பு ரொம்பத் தூக்கலா இருந்துச்சுக்கா. வாயில வைக்க முடியல.”

“சொல்லலியே டீச்சர்!”

“எப்படிச் சொல்ல? உங்களுக்கு என்னமோ சரியில்லன்னு மட்டும் தெரிஞ்சுச்சு. சரியாகட்டும்னுதான் இந்த ஆர்டரையும் உங்களுக்கே குடுத்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

மத்தியானம் விருந்து மண்டபத்தில், புதுக் கறி போட்டு ஆக்கிய பிரியாணிக்குத் தம் உடைக்கிற நேரம். பூசை நீண்டு, கறி தாமதமாகி, எல்லோருக்கும் நல்ல பசி. இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. பரிமாறுகிறவர்கள் கரண்டியோடு தேக்சா அண்டாவைச் சுற்றி நின்றார்கள். கமர்ஜஹான் மூடிமேல் இருந்த தணலைத் தள்ளி மூடியைத் தூக்கினாள். ஆவி எழுந்தது. சீரகச் சம்பாவும் புதினாவும் நெய்யும் கறியும் கலந்து, ஒரு வருஷம் அவள் ஆக்கியும் அவளுக்குக் கிடைக்காத வாசம். அவள் மூடியைக் கீழே வைக்கவில்லை. தேக்சாவின் மேல் அப்படியே குனிந்து நின்றாள். கண்ணீர் தாடையில் வழிந்தது.

“அக்கா, பந்தி காத்துக்கிட்டு இருக்கு” என்றார் சார்லஸ்.

“காத்துருக்கட்டும் தம்பி” என்றாள் கமர்ஜஹான், முகத்தை எடுக்காமலே. “சோறு அவுகளுக்கு. இது எனக்கு.”