இரண்டு விரல்

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லிடையில் நுழைத்தாள். போயின. மோதிர விரலையும் சேர்த்தாள். காதுக்கு முன்னால் ஏதோ சொடுக்கியது. கையை எடுத்துவிட்டாள்.

எத்தனை விரல் நுழைகிறது என்று செயலி கேட்டிருந்தது. டோரீன் மூன்றைத் தொட்டாள்.

"ரெண்டுதானே போச்சு," என்றேன்.

"வெய்க்கோ, மூணாவது முக்கால்வாசி போச்சு. நீ ஜன்னலைப் பாத்துட்டிருந்த."

திரையில் ஒரு பச்சை இலை முளைத்தது.

தாடை வலிக்காரர்கள் தங்கள் வலியைத் தாங்களே கவனித்துக்கொள்ள வந்திருக்கும் கைபேசிச் செயலிகளை மதிப்பிட, ஒரு பல்கலைக்கழகம் நோயாளிகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்திருந்தது. கனடாவின் தண்டர் பே நகரிலிருந்து டோரீனும் வெய்க்கோ என்கிற நானும். ஒரே செயலியை ஒரு மாதம் பயன்படுத்திவிட்டு, தனித்தனியே படிவத்தில் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசித் தீர்க்க வேண்டும். என்னுடையது முப்பது வருடம் லாரி ஓட்டிப் பல்லைக் கடித்த தாடை. அவளுடையது பத்தொன்பது வருடம் பிங்கோ கூடத்தில் எண் கூப்பிட்ட தாடை. பந்தில் வரும் எழுத்தையும் எண்ணையும் அவள் மைக்கில் சொல்ல, ஆடுகிறவர்கள் தங்கள் அட்டையில் அதைத் தேடி மை முத்திரை குத்துவார்கள்.

ஜனவரியில் ஆட்டத்தின் நடுவே அவளுக்கு வாய் பூட்டிக்கொண்டது. அன்றிலிருந்து மேலாளர் பிரென்ட் அவளை வாசலில் அட்டை விற்க உட்காரவைத்தார். மார்ச்சுக்குள் சரியானால் மைக் அவளுக்கு. இல்லாவிட்டால் இயந்திரக் குரல். இயந்திரம் வந்தாகிவிட்டது, பெட்டியைப் பிரிக்கவில்லை. டோரீனின் மகள் கால்கரியில். வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. வாரத்தில் நான்கு நாள் இருநூறு பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

"இதுக்கு அஞ்சு போடப் போறேன்," என்றாள், பன்னைக் காப்பியில் ஊறவைத்தபடி.

"இந்தச் சனியனுக்கா?"

"எழுத்து பெருசா இருக்கு. குரல் இதமா இருக்கு. படிவத்துல அதைத்தானே கேக்கறாங்க?"

படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். இருபத்துமூன்று கேள்விகள். வலி குறைந்ததா என்று ஒன்றுகூட இல்லை. பல்கலைக்கழகத்துப் பெண்ணைத் தொலைபேசியில் கேட்டேன்.

"அது வேற ஆய்வு சார். அதுக்கு இன்னும் அனுமதி வரல," என்றாள்.

பத்துக்கு ஏழு வலித்தால் டோரீன் செயலியில் நாலு என்று போடுவாள். ஏழு போட்டால் இலை வாடும். நம்மால் செயலிக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று மதிப்பிடுகிறவர்களுக்குத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. நானும் இரண்டு நாள் அப்படிப் போட்டிருக்கிறேன். நான்காம் வாரத்தில் செயலி வரைந்த அவளுடைய வலிக்கோடு அழகாகச் சரிந்து இறங்கியிருந்தது. அது தானே போட்ட எண்களில் வந்த கோடு என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. பிரென்டிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"கோடெல்லாம் சரி. வாய் எப்படி இருக்கு?"

"அந்தக் கோடுதான் என் வாய்."

சனிக்கிழமை பகல் ஆட்டத்தை அவளுக்குக் கொடுத்தார்.

நானும் ஓர் அட்டை வாங்கி உட்கார்ந்திருந்தேன். நான்கு ஆட்டம் நன்றாகவே கூப்பிட்டாள். பழைய குரல். ஐந்தாவதில் "ஜி ஐம்பத்து" என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். கன்னத்தில் கை வைத்தாள். மை முத்திரைகளைப் பிடித்தபடி எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"சொல்லித் தொலையேன் டோரீன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி," என்றார் பின்வரிசைக் கிழவர்.

"ரெண்டு மாசம் கழிச்சு வந்திருக்கா, கொஞ்சம் மூச்சு விடட்டுமே," என்று ஒருத்தி சிரித்தாள்.

டோரீன் பந்தைத் தூக்கிக் காட்டினாள். அது முன்வரிசைக்கே தெரியவில்லை. அவள் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மைக்கில் கேட்டது. எனக்கும் அதே நேரம் அதிர்ந்தது. செயலியிலிருந்து மணிக்கொரு முறை வரும் நினைவூட்டல்: உங்கள் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?

பிரென்ட் மேடையேறி அவள் முழங்கையைப் பிடித்து இறக்கினார். மீதியை அவரே கூப்பிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிரென்ட் பெட்டியைப் பிரித்தார். ஒரு மணியிலிருந்து இயந்திரம் கூப்பிட்டது. எல்லா எண்ணும் தெளிவாகக் கேட்டது. டோரீன் வாசலில் அட்டை விற்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்குத் தலையை ஆட்டினாள். இடைவேளையில் படிவங்களை ஒப்பிட்டோம். அவள் ஐந்து போட்டிருந்தாள், நான் இரண்டு. பேசித் தீர்க்க வேண்டும் என்பது விதி. அவளால் பேச முடியவில்லை. காகிதக் கைக்குட்டையில் 4 என்று எழுதித் தள்ளினாள். நானும் நாலு போட்டு அனுப்பினேன். அவள் செயலியைத் திறந்து அன்றைய வலியைப் பதிந்தாள். அதுவும் நாலு. வெளியே மைனஸ் பதினான்கு. ஐந்து மணிக்கு அவளை வீட்டில் இறக்கிவிட்டேன்.