ராணியை விசாரித்த கதை

எங்கள் ஊரில் ஒரு சம்பந்தம் பேசுவதற்கு முன் விசாரிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கே போய் மாப்பிள்ளை எப்படி என்று கேட்கிற மடத்தனத்தை யாரும் செய்வதில்லை. ஒழுங்கை முகப்புக் கடையில் கேட்பார்கள். அவர் வேலை செய்யும் கந்தோரில் கேட்பார்கள். கடைசியாக, அந்த வீட்டோடு வேலிச் சண்டை உள்ள பக்கத்து வீட்டில் கேட்பார்கள். என் அப்பா இந்த வேலையில் பேர் எடுத்தவர். கடைக்காரர் சொல்லும் புகழையும் வேலிக்கு அப்பால் இருப்பவர் சொல்லும் குறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்பார். குணம், வளர்ப்பு, பொறுப்பு மூன்றும் தெரியாமல் அவர் ஒரு சம்பந்தத்துக்கும் தலையாட்டியதில்லை.

எண்பத்தேழில், ஆக்லாந்தில், நான் ராணியை அப்படி விசாரித்தேன். விளையாட்டுக்கு அல்ல. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்போது நானும் கணவரும் மகளும் மவுண்ட் ரோஸ்கிலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வந்து மூன்று வருடம் கடந்திருந்தது. குடியுரிமை தருவதாகக் கடிதம் வந்தது. நகரசபை மண்டபத்துக்கு வந்து, ராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று வாய்விட்டுச் சத்தியம் செய்ய வேண்டுமாம். என் கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு, நல்ல உடுப்பு எதைப் போடலாம் என்று யோசிக்கத் தொடங்கினார். நான் அந்தச் சத்தியத்திலேயே நின்றுவிட்டேன்.

காரணம் கொழும்பில் இருந்தது. நான் அங்கே அரசாங்கக் கந்தோரில் கிளாக். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்தார்கள். எரிந்த வீட்டைப் போய்ப் பார்க்கவும் துணிவு வராத அந்த நாட்களில், அரசாங்க வேலையில் உள்ள எல்லோரும் நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதாகப் புதிதாக ஒரு சத்தியம் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. இரவல் சேலையோடு வரிசையில் நின்றேன். ஒருவரும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. ஒப்பம் வைத்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, இனி வாய் ஒன்றும் மனம் ஒன்றுமாக ஒரு சத்தியமும் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எப்படி என்பது என் கணவருக்குத் தெரியும்.

ஆனால் இந்தச் சத்தியத்தைச் செய்யாமல் விடவும் முடியாது. என் அக்கா திருச்சியில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள். அத்தான் இறந்த பிறகு படகில் அந்தப் பக்கம் போனவள். இங்கே வாருங்கள் என்று நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும், “ஒரு நாட்டை நம்பினது காணும், போதும். இனி ஒருத்தற்ற நாட்டுக்கும் நான் வரமாட்டன்” என்றே பதில் எழுதினாள். நேரில் போய் உட்கார்ந்து கதைத்தால்தான் அவள் மசிவாள். போவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். பழையதோ முடியப்போகிறது. அதைப் புதுப்பிக்க அந்த அரசாங்கத்தின் வாசலில் இன்னொரு முறை நிற்க மாட்டேன். ஆகவே நான் சத்தியம் செய்ய வேண்டும், அதை உண்மையாகவும் செய்ய வேண்டும்.

“சும்மா வாயைத் திறந்து சொல்லிப்போட்டு வாருமன். ஆர் உம்மடை மனதுக்குள்ள பார்க்கப் போகினம்?” என்றார் கணவர்.

“நான் பார்ப்பன்தானே. அவ எப்பிடிப்பட்ட ஆள், எப்பிடி வளந்தவ, பொறுப்புத் தெரிஞ்சவவோ எண்டு விசாரிக்காமல் நான் சத்தியம் பண்ண மாட்டன்.”

“ராணியை மருமோளா எடுக்கப் போறீரோ?”

“அதைவிடப் பெரிசு. மருமோளெண்டால் பிடிக்காட்டி வேற வீட்டில இருக்கலாம்.”

ஏவன்டேலில் ஒரு தையல் தொழிற்சாலையில் அப்போது வேலை செய்தேன். விசாரணையை அங்கேயே தொடங்கினேன். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண். பிஸ்கட்டை ராணி படம் போட்ட தகரப் பெட்டியில்தான் வைத்திருப்பாள். அவள்தான் என் முகப்புக் கடை. ஸ்மோகோ என்று இங்கே சொல்லும் தேநீர் நேரத்தில் ஒரு கேள்வி போட்டால் போதும், மணி அடிக்கும்வரை நிறுத்த மாட்டாள். ராணியின் பெரியப்பா ஒரு பெண்ணுக்காக முடியை வேண்டாமென்று எறிந்துவிட்டுப் போனதால் அந்தப் பாரம் கூச்ச சுபாவமுள்ள தகப்பன் தலையிலும் பிறகு இந்தப் பிள்ளை தலையிலும் விழுந்ததாம். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவராம். போர்க்காலத்தில் லொறி திருத்தப் பழகினாராம். தகப்பன் இறந்த செய்தி தூர தேசத்தில் வைத்துத்தான் காதில் விழுந்ததாம். இளவயதில், என் வாழ்நாள் முழுவதும் உங்களுக்குத்தான் என்று வானொலியில் சொன்னவர், அன்று முதல் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லையாம். சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் இந்த நாடுகளையெல்லாம் சுற்றி வந்தாரே, அது பொறுப்பில்லையா என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள் மாவோரிப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய். அவள் என் வேலிக்கு அப்பால் உள்ள வீடு. குழந்தைகளை விட்டுவிட்டுப் போவதற்குத் தன் ஊரில் வேறு பெயர் என்றாள். அதற்கு முந்தின வருடம்தான் ராணி ஆக்லாந்துக்கு வந்திருந்தார். யாரோ முட்டை எறிந்தார்கள், கோட்டில் பட்டது. அடுத்து வந்த விருந்தில், நியூசிலாந்து முட்டையைக் காலைச் சாப்பாட்டில்தான் எனக்குப் பிடிக்கும் என்று ராணி பகிடியாகச் சொன்னார். மேற்பார்வையாளருக்கு அது அரச வளர்ப்பு. மாவோரிப் பெண்ணுக்கு அது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது. அவருடைய தாத்தாவின் பாட்டி பேரில், எங்கள் நிலத்தைக் காப்பதாக எங்கள் ஆட்களோடு ஒப்பந்தம் எழுதினார்கள், பகிடி நல்லதுதான், ஒப்பந்தம் எங்கே என்று கேட்டாள். நூல் அறுந்ததும் கதையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஊசியில் கோர்க்கத் தொடங்கினாள்.

ஹில்ஸ்பரோவில் எனக்கொரு சிநேகிதி இருந்தாள். மலேசியாவில் ஈப்போவில் பிறந்த தாதி. கடைக்குப் போகும்போது காரில் என்னை ஏற்றிப் போவாள். அவளிடமும் கேட்டேன்.

“எங்க ஊருல ராஜாவுக்கே முறை இருக்கு அக்கா. அஞ்சு வருசம் ஒருத்தரு, அப்புறம் இன்னொருத்தரு. நல்லவரா கெட்டவரான்னு யாரு கேட்டா? நாங்க வாய வச்சிக்கிட்டு சும்மா இருப்போம். நீங்க ஏன் இப்படி மண்டைய ஒடைக்கிறீங்க?”

சும்மா இருந்து கண்டது எனக்குப் போதும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டு கியரை மாற்றினாள்.

இவ்வளவும் கேட்டதில் எனக்கு ராணியைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. தான் கேட்காத வேலை தலையில் விழுந்தும் அதைக் குறை சொல்லாமல் செய்பவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். மிச்சத்தையும் பார்த்துவிடுவோம் என்று நூலகத்துக்குப் போனேன். முடிசூட்டு விழாவைப் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகம் இருந்தது. அதில் அவர் அன்று செய்த சத்தியத்தை அச்சடித்திருந்தார்கள். எந்தெந்த நாட்டு மக்களை அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் ஆளுவேன் என்று சொன்னாரோ அந்த நாடுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. நியூசிலாந்து இருந்தது. கடைசிப் பெயர் சிலோன்.

புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்தேன். எங்கள் பழைய இரண்டு சதக் காசில், அந்த வளைவு வளைவான ஓரத்துக்குள், இவருடைய முகம்தான் இருந்தது. எழுபத்திரண்டு வரைக்கும் இவர்தான் எங்களுக்கும் ராணி. அது எனக்குத் தெரியாததல்ல, ஆனால் நினைத்துப் பார்த்ததில்லை. நான் சத்தியம் செய்வதா என்று மாதக்கணக்காக நாடி பிடித்துக்கொண்டிருக்க, இந்த மனுஷி எங்களுக்கு எப்போதோ சத்தியம் செய்து முடித்திருக்கிறார்.

அடுத்து வந்தது கோபம். ஐம்பத்தாறில் எங்கள் மொழியை ஒதுக்கிய சட்டம் யாருடைய பெயரில் நிறைவேறியது? ஐம்பத்தெட்டில் எங்களைக் கொழும்பில் அடித்துக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பியபோது ராணி யார்? நான் அந்தக் கப்பலில் வந்த பிள்ளை. அம்மா தன் சேலைத் தலைப்பால் என் வாயைப் பொத்தியபடி இருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

அடுத்த நாள் ஸ்மோகோவில் மேற்பார்வையாளரிடம் இதை நேராகக் கேட்டேன். அவளுக்கு முகம் சிவந்தது. அவரால் என்ன செய்ய முடியும், மந்திரிமார் சொல்வதற்கு ஒப்பம் வைப்பதுதான் அவருடைய கடமை, தன் மனதில் உள்ளதைச் சொல்ல அவருக்கு அனுமதியே இல்லை, அதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் சின்ன வயதிலிருந்து பழக்கினார்கள் என்றாள். மாவோரிப் பெண் தேநீர்க் கோப்பையோடு என் பக்கம் திரும்பி, உங்களுக்கும் சத்தியம் செய்து கொடுத்தாரா என்று கேட்டாள். ஓம் என்றேன். தன் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நூலகத்தில் கண்டதையும் என் முடிவையும் சொன்னேன்.

“குணம் நல்லம். வளர்ப்பு நல்லம். பொறுப்பும் இருக்கு. ஆனா அநியாயம் நடந்தா வாய் திறக்க மாட்டா. அப்பிடித்தான் வளத்திருக்கினம்.”

“நாங்கள் ஒருக்கா விட்டுப்போட்டு வந்த சம்பந்தம் எண்டு சொல்லும்” என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். “அப்ப வேண்டாமெண்டு எழுதி அனுப்புவமோ? திருச்சியில இருக்கிற கொக்காவுக்கு நான் எழுதிச் சொல்லுறன்.”

அவர் அதை உண்மையாகத்தான் கேட்டார். அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. அக்காவின் அறையை நினைத்தேன். மேசைக்குப் போய் அந்தக் கடிதத்தோடு வந்த சத்தியத்தை ஒவ்வொரு சொல்லாகத் திரும்பவும் படித்தேன். இவ்வளவு நாளும் முதல் பாதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மற்றப் பாதி ராணியைப் பற்றியதே அல்ல. இந்த நாட்டின் சட்டத்தை மதிப்பேன், குடிமகளாக என் கடமையைச் செய்வேன் என்று இருந்தது. அது என்னைப் பற்றியது. வாய் திறக்காமல் ஒப்பம் வைப்பது ராணியின் கடமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், அந்த நல்ல குணத்துக்கு விசுவாசமாக இருக்க என்னால் முடியும். கொழும்பில் அந்த வரிசையில் நானும் அதைத்தான் செய்தேன். இங்கே என் கடமை அதுவல்ல. இங்கே என்னை வாயைத் திறக்கச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“எழுத வேண்டாம். நான் வாறன்” என்றேன்.

சத்தியம் செய்யும் நாளில் கூறைச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். மண்டபத்தில் மேயர் என் தாலிக்கொடியைத் தோற்கடிக்கிற ஒரு சங்கிலியோடு நின்றார். அவருக்குப் பின்னால் சுவரில் ராணி. நகரசபை அலுவலர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நாங்கள் எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும். சுற்றியிருந்தவர்கள் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். நான் ஒவ்வொரு சொல்லையும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னேன். கடமை என்ற சொல் வந்தபோது இன்னும் கொஞ்சம் கூட்டினேன். “அம்மா, டூ லவுட்” என்று என் மகள் பின்னாலிருந்து சேலையை இழுத்தாள். மேயர் ஒரு மரக்கன்று தந்தார். படத்தைக் கடந்து போகும்போது ராணியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். வேலை செய்து களைத்த முகம், நல்ல முகம்.

திங்கட்கிழமையே எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய், அக்காவுக்கு விசா எடுக்க என்ன வழி என்று கேட்டேன். பிறகு வா என்றார்கள். பிறகு போனேன். திரும்பவும் போனேன். வாசலில் இருந்த பெண் என் பெயரைப் பிழையில்லாமல் சொல்லப் பழகும்வரை போனேன்.

புதுக் கடவுச்சீட்டோடு திருச்சியில் போய் இறங்கியபோது, அக்கா மெலிந்து பாதியாக இருந்தாள். அவள் அறையில் ஒரு கதிரைதான். அதை எனக்குத் தந்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். கடவுச்சீட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள்.

“வெள்ளைக்காரிக்குச் சத்தியம் பண்ணிப்போட்டியாம், என்னடி? ஆள் எப்பிடி?”

கடை சொன்னது, வேலி சொன்னது, நூலகத்தில் கண்டது எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா எங்கள் அப்பாவைப் போலவே, இடையில் ஒரு சொல்லும் சொல்லாமல் நிலத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“அநியாயம் நடந்தா வாய் திறக்க மாட்டா எண்டுறாய். பிறகேன் சத்தியம் பண்ணினனி?”

“அவவுக்குத்தான் வாய் திறக்க ஏலாது, அக்கா. எனக்கு ஏலும். உங்களுக்காகத் திறந்துகொண்டுதான் இருக்கிறன்.” விசாப் பத்திரங்களை எடுத்துப் பாயில் வைத்தேன்.

அவள் அவற்றைத் தொடவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள்.

“அங்க வந்தா நானும் அந்தச் சத்தியத்தைப் பண்ண வேணுமோ?”

“உடன இல்லை. மூண்டு வருசம் கழிச்சு.”

“அது காணும்” என்றாள் அக்கா. “வந்து, நானும் ஒருக்கா விசாரிக்க வேணும்.”