ஆடு என்று சீட்டு வாங்கி வந்த நாய்க்குட்டி

பினாயிலும் சாணியும் கலந்த வாசனை... காலையில் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறும். திண்டிவனம் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் எனக்கு இன்டர்ன்ஷிப். சினை ஊசி, மடிநோய், கழிச்சல் என்று மாடும் ஆடும்தான் வரும்.

மேலே என்ன படிப்பது என்று வீட்டில் அப்போது ஒரே பஞ்சாயத்து. எனக்கு நாய், பூனை வைத்தியம் மட்டும் தனியாகச் சொல்லித்தரும் எம்.வி.எஸ்சி. மேல் ஆசை. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். "எம் பொண்ணு மாட்டு டாக்டரு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"நாயிக்கு யாரும்மா ஊசி போடுவாங்க? நம்ம வல்லம் பக்கம் ஒருத்தர காட்டு பாக்கலாம்" என்பார்.

காட்ட என்னிடம் ஒருவரும் இல்லை.

விண்ணப்பம் அனுப்ப நாலு நாள் இருக்கும்போது, வல்லத்திலிருந்து ஆடு மேய்க்கும் ஒருவர் சிமெண்ட் சாக்கோடு வந்தார். சீட்டில் 'ஆடு' என்று இருந்தது. சாக்கைப் பிரித்தால்... நாய்க்குட்டி! ரத்தமாக வாந்தி.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான், மறைப்பானேன்.

"நாயின்னா தொரத்திடுவீங்கன்னு ஆடுன்னு சொல்லிட்டேங்க. பட்டி காவலுக்கு வளக்கறேன். காலையிலேர்ந்து வாந்தி எடுத்துக்கினே கீது... எப்படியாச்சும் பாருங்கம்மா."

நோய் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் அங்கே இருந்த ஊசியெல்லாம் மாட்டுக்கானவை. மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, கைக்குழந்தைக்குப் போடும் ஊசி வாங்கி வந்தேன். நரம்பு கிடைக்கவே அரை மணி நேரம். டிரிப்ஸ் பாதி இறங்குவதற்குள் குட்டி போய்விட்டது.

அவர் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு அழுகை நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக நாய், பூனை வைத்தியத்தை எழுதினேன்.

"ஒருத்தரு வந்தாருப்பா. நம்ம வல்லத்துலேர்ந்துதான்" என்று அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

அப்பா வெட்டுக் கத்தியைத் திண்ணையில் வைத்தார். "செரி... எழுதிட்ட இல்ல? ஒழுங்கா கத்துக்கினு வா."

இப்போது விழுப்புரத்தில் என் சொந்த கிளினிக். நாயை பைக்கில் முன்னால் உட்கார வைத்து, பேரும் வயசும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அதே வாந்தி நோய்க் குட்டிக்கு நரம்பு பிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். நிறைய குட்டிகள் நடந்தே வீட்டுக்குப் போகின்றன.

எடுத்த படிப்பு சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் குட்டிக்குத்தான் நான் லேட்டாகப் படித்தேன்...