ஹம்ரானியாவில் ஓர் ஆந்தைச் சண்டை

பகல் இரண்டு மணிக்கு அஜ்மானிலிருந்து கிளம்பினோம். ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, வெளியே இருபது டிகிரி. வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போய்விட்டது. இன்னும் பன்னிரண்டு நாளில் ஒரேயடியாக ஈரோட்டுக்குத் திரும்புகிறோம். தலைக்கு மேல் வேலை கிடக்க, ஆந்தை பார்க்கப் போகிறோம் என்றால் யாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதைப் பார்க்காமல் நான் விமானம் ஏறுவதாக இல்லை.

எல்லாம் என் கணவரால் வந்தது. கல்யாணமாகி இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். பத்து எண்ணும்வரை ஒருவர் பார்க்கலாம், பிறகு மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ராஸ் அல் கைமாவின் ஹம்ரானியா வயல்களில் ஒரு மாலை, "ஆந்தை! குட்டைக்காது ஆந்தை!" என்று கத்தினார். வடக்கே பனி மூடும்போது வளைகுடாவுக்கு இறங்கிவரும் பறவை அது. நான் பதினேழு வரை எண்ணினேன். பைனாகுலர் என் கைக்கு வந்தபோது இருட்டிய வயல்தான் மிச்சம். அதன்பிறகு எத்தனையோ குளிர்காலம் போயும் பார்க்கவில்லை. சில ஆண்டு பிள்ளைகளின் பரீட்சை, சில ஆண்டு வயலே காய்ந்து கிடந்தது. பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் அந்தப் பதினேழில்தான் வந்து நிற்கும்.

மூன்று மணிக்கு உம்முல் குவைன் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் ஆளுக்கொரு கரக் டீ, தலைக்கு இரண்டு திர்ஹம். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வாடகைக் காரில், தயிர்சாதப் பொட்டலத்தோடு இதே சாலையில் வருவோம். அன்று நானாக இருந்த அந்தச் சுமதிக்கு முதுகுவலி கிடையாது, மகனின் கல்லூரிக் கவலை கிடையாது. அவளை நினைத்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

மூன்றே முக்காலுக்கு ஹம்ரானியா. வீட்டிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம். கிழக்கே ஹஜர் மலை குவாரித் தூசியில் மங்கித் தெரிந்தது. அதன் முன்னே பச்சைப்பசேலென்று குதிரைமசால் தீவன வயல். தண்ணீர்க் குழாயை நகர்த்திக்கொண்டிருந்தவரிடம் உள்ளே வரலாமா என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். அவர் எங்கள் கழுத்தில் தொங்கிய பைனாகுலர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"தமிழ்லயே கேளுங்க மேடம். பெரம்பலூர், முருகேசன். ஆந்தைக்குத்தானே வந்தீங்க? மரத்தைப் பாக்காதீங்க. அது தரையிலதான் கெடக்கும். நாலு நாளா பாக்குறேன், எங்க டூட்டி முடியிற நேரத்துக்கு எந்திரிக்குது."

"நெசமா ஆந்தைதானுங்களா?"

"வட்ட மூஞ்சி மேடம். ஊர்ல இது வீட்டு மேல உக்காந்தா வெரட்டுவோம். நீங்க பெட்ரோல் போட்டு வந்து தேடுறீங்க!"

ஐந்து மணிக்குக் குளிர் ஏறியது. வயலின் மேல் ஒன்று தாழப் பறந்து வந்தது. பழுப்பு நிறம், வட்ட முகம். சட்டென்று பைனாகுலரைத் தூக்கினேன். பக்கத்தில் வந்ததும் பார்த்தால் பூனைப்பருந்து. எலி தேடி வயலை அளக்கும் பருந்து. அசடு வழிந்தேன்.

ஐந்து நாற்பது. முருகேசன் சத்தமில்லாமல் கை நீட்டினார். வரப்போரத்தில் மண்கட்டி என்று நான் நினைத்திருந்தது எழுந்து பறந்தது. நீளச் சிறகு, கழுத்தே இல்லாத உருண்டைத் தலை. வேலிக் கம்பத்தில் அமர்ந்து, மஞ்சள் கண்ணால் நேராக என்னைப் பார்த்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஏனுங்க, தெரியுதுங்களா?"

என் கணவர் தம்முடைய பைனாகுலரை இறக்கிவிட்டு நின்றிருந்தார்.

"சுமதி, அன்னிக்கு நான் பாத்தது இது இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"அதுக்கு வாலு நீளம். றெக்கைய மேல தூக்கி வெச்சுட்டு மெதந்துச்சு. இப்ப வந்துட்டுப் போச்சே பூனைப்பருந்து, அதேதான். ஆசையில ஆந்தைன்னு நெனச்சுட்டேன்."

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு பருந்துக்காகவா பதினெட்டு ஆண்டு அவரைப் பாடாய்ப் படுத்தினேன்! முருகேசனும் விஷயம் புரியாமலே சிரித்தார். காருக்குத் திரும்பி நடக்கும்போது சிரிப்பு அடங்கிவிட்டது. நாங்கள் இளமையாக இருந்த அந்த மாலையைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் அந்தச் சண்டையை நான் விடாமல் வைத்திருந்தேன் போல.

காரில் விளக்கைப் போட்டுக்கொண்டு, பழைய பறவை நோட்டை எடுத்தார். முதல் ஆண்டுப் பக்கத்தில் ஆந்தை என்றிருந்த வரியின் மேல் பேனாவை வைத்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்காதீங்க."

"தப்பா இருக்கே, சுமதி."

"இருக்கட்டும். அன்னிக்கு அந்த வரப்புல என்னையத் தூக்கிச் சுத்துனீங்க. அதையுமா அடிக்கப் போறீங்க?"

அவர் பேனாவை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி போட்டு, குட்டைக்காது ஆந்தை, பார்த்தவர்கள் இருவர் என்று நான் எழுதினேன்.