தேன்மொழி கேட்காத கை

ஐடியா தோன்றிய இடம், சத்திரம் பஸ் ஸ்டாண்ட். நேரம், மண்டையைப் பிளக்கும் மதிய வெயில்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள் தேன்மொழி. முசிறியில் என்னோடு ப்ளஸ் டூ படித்தவள். அந்த வருடம், இரும்புத் தொரட்டியால் முருங்கைக்காய் பறித்தபோது அது மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. கழுத்திலிருந்து இடுப்பு வரை தீக்காயம். இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. ஒரு வருடம் ஆஸ்பத்திரி. பிறகு கரஸில் டிகிரி, ஒற்றைக் கையால் டைப்பிங், சமையல், தலைவாரல் – ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டாள்.

அன்று அவள் கையில் குடை. தோளில் பை. பைக்குள் போன் அடித்தது. குடையை வயிற்றில் அழுத்தி மடக்கி, அக்குளில் இடுக்கி, பையைத் திறப்பதற்குள்... கட்.

பளிச்! இவளுக்கு ஒரு கை செய்து கொடுத்தால்?

நான் மெக்கானிக்கல் எஞ்ஜினியர். ஆபீஸில் ஒரு த்ரீடி பிரிண்டர் சும்மா கிடக்கிறது. வேறென்ன வேண்டும்? (அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். என் அவசரம் அப்படி!)

மூன்று மாதத்தில் விரல் மடங்கும் பிளாஸ்டிக் கை தயார். ஸ்ரீரங்கத்தில் அவள் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடி. அந்தக் கையால் அவள் காபி டம்ளரைத் தூக்க வேண்டும், நான் போனில் வீடியோ எடுக்க வேண்டும். முதல் டேக்கில் டம்ளர் நழுவியது. மூன்றாவதில் கோபுரம் ஃப்ரேமுக்குள் வரவில்லை.

"கொஞ்சம் காந்துதுடி."

"ஒரே ஒரு டேக், தேனு. ப்ளீஸ்!"

"இது எத்தனாவது ஒரே ஒரு டேக்குடி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்பை நம்பிவிட்டேன்.

வீடியோவுக்கு ஹார்ட்டுகள் குவிந்தன. அவள்தான் என் மெசேஜ் எதற்கும் பதில் போடவில்லை. தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை கிடைத்திருந்தது, வாழ்க்கையின் முதல் வேலை. பிஸியாக இருப்பாள் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். அவள் அம்மாதான் கதவைத் திறந்தார்.

"அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேம்மா. அந்தக் கை உரசி தோலு பிஞ்சுபோச்சு. மறுபடி கட்டு, ஊசி, காய்ச்சல். திங்கக்கிழமை வேலைக்கு வந்து சேரச் சொன்னாங்க. போக முடியல. வேற பொண்ணைப் போட்டுட்டாங்க."

தீக்காயத்தின் மேல் ஒட்டுப்போட்ட தோல் மெல்லியது. அதில் வியர்க்காது, சூடு ஏறினால் இறங்க வழியில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். விரல் மடங்கும் கோணத்தை அத்தனை தடவை அளந்த நான், அந்தத் தோலை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" உள்ளே கட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேன்.

"சொன்னேனே."

பிறகு அவளே, "நீ அவ்வளவு ஆசையா இருந்த. கழட்ட மனசு வரலடி" என்றாள்.

உதவி செய்கிறவர் முகம் வாடக்கூடாது என்று, உதவி வாங்குகிறவர் வலியைப் பொறுத்துக்கொள்கிறார். எப்பேர்ப்பட்ட உதவி, பாருங்கள்!

வீடியோவை அழிக்க ஒரு நொடி போதுமாக இருந்தது. வேலை? ஸ்கேன் சென்டருக்கே போய்க் கெஞ்சினேன். "ஆள் வந்துட்டாங்கம்மா" என்றார்கள். (இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேரை மாத்திடு" என்றாள். மாற்றிவிட்டேன்.)

கடைசியில், ரொம்பத் தாமதமாக, அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"உனக்கு என்னதான்டி வேணும்?"

யோசிக்கவே இல்லை. "குடை."

"குடையா?"

"வெயில் பட்டா கழுத்து எரியுது. குடையைப் பிடிச்சா இருக்குற ஒரு கையும் போச்சு. பஸ் வந்தா மடக்கிட்டு ஏறுறதுக்குள்ள விசிலடிச்சிடுறாங்க. தோள்பையிலயே நிக்கணும், ஒரு தட்டு தட்டினா மடங்கணும். செஞ்சு குடேன், எஞ்ஜினியரம்மா. அடுத்த இன்டர்வியூவுக்குப் போக வேணாமா?"

அன்று பஸ் ஸ்டாண்டில் எல்லாமே என் கண் முன்னால்தான் நடந்தது. நான்தான் குடையைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கப் போகிறேன். இன்ச் டேப், பழைய ஸ்கூல் பேக், இரண்டு குடைக்கம்பி. முதல் முயற்சி எப்படியும் சொதப்பும். "காந்துது" என்று அவள் சொன்ன நொடியே கழற்றிவிட வேண்டும்.

போன் வீட்டிலேயே இருக்கட்டும்.